வைஃபைக்குத் தாய்வீடு ஒரு தீவு... தெரியுமா?

வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் வைஃபை வருகிறதே, அதற்கான விதை எங்கே விழுந்தது தெரியுமா? நியூயார்க்கிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. எந்தக் கண்டத்திலிருந்து பார்த்தாலும் 3,000 கி.மீ.க்கு மேல் தள்ளி, பசிபிக் கடலின் நட்டநடுவில் கிடக்கும் ஹவாய்த் தீவுகளில்!

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டர் ஒரு தீவில் இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டிய கல்லூரிகளோ வேறு வேறு தீவுகளில் இருந்தன. நடுவே கடல். போன் கம்பி இருந்தது என்றாலும் வாடகை அதிகம், தரமும் சுமார்தான். அங்கே பேராசிரியராக இருந்த நார்மன் ஏப்ரம்சன் அலைச்சறுக்கு மோகத்தில் ஹவாய்க்குக் குடிவந்தவர். கம்பியே வேண்டாம், ரேடியோவில் அனுப்பிப் பார்க்கலாம் என்று அவரும் நண்பர்களும் இறங்கினார்கள். 1971 ஜூனில் பிறந்தது ‘அலோஹாநெட்’.

அதன் சூத்திரம் எவ்வளவு எளியது தெரியுமா? எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. அனுமதி கேட்க வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், தோன்றியபோது தகவலை அனுப்பு. வந்து சேர்ந்தது என்று பதில் வந்தால் சரி. வராவிட்டால் வேறு யாருடைய தகவலோடோ மோதிவிட்டது என்று பொருள். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி அனுப்பு. எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்பதைக் குருட்டாம்போக்கில் தீர்மானித்துக்கொள். அவ்வளவுதான்! ஏப்ரம்சனின் கட்டுரையைப் படித்த ராபர்ட் மெட்காஃப் என்ற இளைஞர், 1973-ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் அதை மெருகேற்றி, கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கினார். முதலில் அதற்கு வைத்த பெயரே ‘ஆல்ட்டோ அலோஹா நெட்வொர்க்’. வைஃபையும் அந்த வழியில் வந்ததுதான். உங்கள் செல்போன் ஒரு கால் போடுவதற்காக டவரை முதன்முதலாகக் கூப்பிடுகிறதே, அந்த நொடியில் நடப்பதும் அலோஹா முறைதான்.

தீவுக்காரர்களுக்கு நாம் தொழில்நுட்பம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களிடமிருந்து வாங்கியதை யார் கணக்கில் வைத்தார்கள்?

இன்னும் பின்னால் போவோமா? கடலைத் தாண்டிச் சென்ற உலகின் முதல் கம்பியில்லாச் செய்தி 1897 மே மாதம் எங்கிருந்து புறப்பட்டது தெரியுமா? வேல்ஸ் கரைக்கு அருகே உள்ள ஃபிளாட் ஹோம் என்ற குட்டித் தீவிலிருந்து. அனுப்பியது மார்க்கோனியின் குழு.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. இன்று நெட் கிடைக்காமல் திண்டாடும் தீவுகளில் சில, நூறு ஆண்டுகளுக்கு முன் உலகிலேயே மிக நன்றாக இணைக்கப்பட்டிருந்த இடங்கள்!

எப்படி என்கிறீர்களா? அன்றைய கடலடித் தந்திக் கம்பியில் சிக்னல் போகப் போகத் தேய்ந்துவிடும். நடுக்கடலில் அதற்குத் தெம்பு கொடுக்கக் கருவி கிடையாது. ஆகவே வழியில் ஒரு தீவு கட்டாயம் தேவை. அங்கே ஆள் உட்கார்ந்து, வந்த செய்தியை வாங்கி மறுபடி தட்டி அனுப்ப வேண்டும். 1902-ல் கனடாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பிரிட்டன் போட்ட பசிபிக் தந்திக் கம்பி, இப்படித்தான் ஃபேனிங் என்ற பவளத்தீவில் இறங்கியது. கனடாவிலிருந்து அந்தத் தீவு வரைக்குமான ஒரே துண்டு 6,000 கி.மீ.க்கு மேல்! லண்டன் பங்குச்சந்தைச் செய்தியும் அரண்மனைச் செய்தியும் தென்னை மரத்தடியில் இருந்த ஒரு தந்தி அலுவலகம் வழியாக ஓடின.

முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியர்கள் எதைத் தேடிப் போனார்கள் தெரியுமா? இந்தத் தீவுகளைத்தான். 1914 செப்டம்பரில் ‘நூர்ன்பெர்க்’ கப்பல் ஃபேனிங்கில் கம்பியை வெட்டியது. அதே மாதம் 22-ம் தேதி இரவு நம் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதே ‘எம்டன்’, இன்றுவரை சூழ்ச்சிக்காரனுக்கு நாம் சூட்டுகிற பெயர், அந்தக் கப்பல் கடைசியில் மாட்டிக்கொண்டதும் ஒரு தந்தித் தீவில்தான்! நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுக்கூட்டத்தின் டைரக்‌ஷன் தீவில் எம்டனின் வீரர்கள் இறங்கினார்கள். ரேடியோ கம்பத்தை வெடிவைத்துச் சாய்க்கப் போனபோது, ‘ஐயா, எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று தந்தி ஊழியர்கள் கேட்டுக்கொண்டார்களாம். ஜெர்மானியர்களும் அப்படியே செய்தார்களாம்! போர் என்றால் இப்படியும் இருந்திருக்கிறது. ஆனால் ஊழியர்கள் அதற்கு முன்பே அபாயச் செய்தியைத் தட்டிவிட்டிருந்தார்கள். அருகில் படைக்கப்பல் அணிக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ‘சிட்னி’ என்ற போர்க்கப்பல் விரைந்து வந்தது. எம்டன் அன்றே ஒழிந்தது.

கோகோஸின் தந்தி நிலையம் 1966-ல் மூடப்பட்டது. அந்தத் தீவுக்கூட்டத்துக்கு மறுபடி ஒரு கடலடி கேபிள் வந்த ஆண்டு தெரியுமா? 2022.

ஏன் இந்த இடைவெளி? கடலுக்கு அடியிலேயே சிக்னலுக்குத் தெம்பு கொடுக்கும் கருவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைய ஆப்டிகல் ஃபைபர் கேபிளில் 60 முதல் 100 கி.மீ.க்கு ஒன்றாக அது பொருத்தப்பட்டிருக்கும். அதற்கான மின்சாரம், ஆயிரக்கணக்கான வோல்ட், கரையிலிருந்து கேபிளுக்குள்ளேயே போகும். ஆழ்கடலில் அந்தக் கேபிளின் பருமன் தோட்டத்துக்கு நீர் விடும் ரப்பர் குழாய் அளவுதான். அதற்குள் தலைமுடி கனத்தில் சில கண்ணாடி இழைகள். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவலில் 95 சதவீதத்துக்கு மேல் இதன் வழியாகத்தான் ஓடுகிறது, செயற்கைக்கோள் வழியாக அல்ல! தெம்பு கொடுக்கும் கருவி வந்ததும் வல்லரசுகளுக்குத் தீவுகள் தேவைப்படாமல் போயின. கேபிள்கள் அவற்றைக் கண்டுகொள்ளாமல் பக்கத்திலேயே கடந்து போயின.

கண்டுகொள்ளாமல் போவது புதிதும் அல்ல. 1870 இறுதியில் சென்னையிலிருந்து வங்கக்கடலின் அடியில் ஒரு தந்திக் கம்பி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போடப்பட்டது தெரியுமா? அதற்கு உப்புநீர் புகாத மேலுறை போடப் பயன்பட்டது மலாய்த் தீவுகளின் மரப்பால், கட்டா பெர்ச்சா. அந்தப் பாலுக்காக மரங்களை வெட்டி வெட்டி, சிங்கப்பூரில் அந்த இனமே அருகிப்போனது. கம்பி பினாங்கில் இறங்கியது, சிங்கப்பூரில் இறங்கியது. அந்தமானில் மட்டும் இறங்கவில்லை.

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி கேபிள் எப்போது வந்தது? 2020 ஆகஸ்ட் 10. ஏறக்குறைய 150 ஆண்டு கழித்து!

அதுவரை செயற்கைக்கோள்தான். இருக்கும் கொஞ்ச அளவை எல்லோரும் பங்கு போட வேண்டும். புதிய கேபிள் சுமார் 2,300 கி.மீ. நீளம், ரூ.1,224 கோடி செலவு. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேர், ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் என்று எட்டு இடங்களை அந்தக் கேபிள் தொடுகிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே வினாடிக்கு 200 ஜிகாபிட் வீதம் இரண்டு தடம்.

பணம் யார் கொடுத்தது தெரியுமா? நீங்கள்தான்! தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதத்தை அரசின் ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். லாபம் வராத இடங்களுக்கும் சேவை போய்ச் சேர வேண்டும் என்பதற்கான நிதி அது. நிறுவனங்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்தா கட்டும்? நம் ரீசார்ஜிலிருந்துதான். ஆகவே அடுத்த முறை ஹேவ்லாக் கடற்கரையில் நின்று யாராவது உங்களுக்கு வீடியோ கால் போட்டால், கொஞ்சம் உரிமையோடு பேசுங்கள்.

ஆனால் அந்தப் பட்டியலில் கச்சால் இல்லை, கவனித்தீர்களா? இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றிய நிகோபார் தீவு அது. கேபிள் இறங்குவது பக்கத்துக் கமோர்ட்டாவில். பெரிய கேபிள் பெரிய தீவில் இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அங்கிருந்து அடுத்த தீவுக்கு, அந்தத் தீவின் கடைசி வீட்டுக்கு என்று இன்னும் எத்தனையோ தாண்டல் பாக்கி. பத்திரிகைப் புகைப்படத்தில் வருவது முதல் தாண்டல் மட்டும்தான்.

லட்சத்தீவுக் கதை வேறு. 2020 சுதந்திர தின உரையில் ஆயிரம் நாளில் கேபிள் என்று அறிவித்தார் பிரதமர். ஆயிரம் நாளைத் தாண்டி இன்னும் சில மாதம் ஆனது, 2024 ஜனவரி 3-ல் திறந்தார்கள். கொச்சியிலிருந்து 1,868 கி.மீ., பதினோரு தீவுகள். அதில் ஒன்று பித்ரா. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 271! ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும் ஜனத்தொகைக்குக் கடலுக்கு அடியில் கண்ணாடி இழை! லாபக் கணக்குப் பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா?

கேபிள் இல்லாத காலத்தில் தீவுக்காரர்கள் சும்மா இருந்தார்களா? அதுதான் இல்லை. 1966-ல் நாசா ஏவிய ஏடிஎஸ்-1 என்ற சோதனைச் செயற்கைக்கோள் அதன் வேலை முடிந்த பிறகும் வானில் இருந்தது. சும்மாதானே இருக்கிறது, எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியது ஹவாய்ப் பல்கலைக்கழகம். 1971 முதல் பசிபிக் தீவுகளின் வகுப்பறைகளும் மருத்துவமனைகளும் அதன் வழியே ஒன்றோடொன்று பேசின. தென் பசிபிக் பல்கலைக்கழகம் கடல் கடந்த மாணவர்களுக்கு அதில் பாடம் நடத்தியது. நாமெல்லாம் ஆன்லைன் வகுப்பு என்ற சொல்லைக் கேட்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னால்!

பதினேழாயிரம் தீவுகளைக் கொண்ட இந்தோனேசியா என்ன செய்தது தெரியுமா? 1976-லேயே உள்நாட்டுத் தொடர்புக்கென்று ‘பாலாபா’ என்ற சொந்தச் செயற்கைக்கோளை வானில் நிறுத்தியது. வளரும் நாடுகளில் இப்படிச் செய்த முதல் நாடு அது. அந்த வரிசையில் பி-2 என்ற செயற்கைக்கோள் 1984 பிப்ரவரியில் ஏவப்பட்டு, தப்பான சுற்றுப்பாதையில் போய் மாட்டிக்கொண்டது. போனது போனதுதான் என்று எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். நவம்பரில் டிஸ்கவரி விண்கலத்தில் போன ஜோசப் ஆலனும் டேல் கார்ட்னரும் விண்வெளியில் மிதந்தபடி அதைக் கையால் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டு, பூமிக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்! கூடவே அதே கதியில் இருந்த இன்னொரு செயற்கைக்கோளையும் பிடித்தார்கள். பிடித்த கையோடு ‘விற்பனைக்கு’ என்று எழுதிய அட்டையைக் காட்டி விண்வெளியில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாலாபாவைப் பழுது பார்த்து 1990-ல் மறுபடி ஏவினார்கள். இந்த முறை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

செயற்கைக்கோளில் ஒரு தொல்லை உண்டு. நிலையாக ஒரே இடத்தில் நிற்க வேண்டுமென்றால் அது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஒளியே ஆனாலும் ஏறி இறங்கக் கால் வினாடி ஆகும். நீங்கள் கேட்டு, அவர் பதில் சொல்லி, அது உங்களை வந்தடைய அரை வினாடி. டாக்டரிடம் வீடியோவில் பேசும் நோயாளியும் டாக்டரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டபடியே இருப்பார்கள். சுமார் 550 கி.மீ. உயரத்தில் கூட்டம் கூட்டமாகச் சுற்றும் ஸ்டார்லிங்க் வகைச் செயற்கைக்கோள்கள் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டன. மாதக் கட்டணத்தை மீனவக் குடும்பம் கட்ட முடியுமா என்பது தீராத கேள்வி.

தீவுக்காரர்களுக்கு இன்டர்நெட்டே சோறு போட்ட கதையும் உண்டு. நாட்டுக்கு நாடு இணைய முகவரியின் வாலில் இரண்டெழுத்து தருவார்களே, துவாலுவுக்குக் கிடைத்தது ‘டிவி’! உலகத் தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாம் க்யூவில் நின்றார்கள். அந்த வருமானத்தின் தெம்பில்தான் துவாலு 2000-ல் ஐ.நா. சபையில் சேர்ந்தது. கரீபியன் தீவான அங்குவில்லாவுக்கு ‘ஏஐ’. சும்மா கிடந்த எழுத்து, செயற்கை நுண்ணறிவு அலை அடித்ததும் 2023-ல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர் கொட்டியது, அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு! நியுவே தீவோ 2003-லேயே நாடு முழுக்க இலவச வைஃபை என்று அறிவித்தது. 2008-ல் அங்கே பள்ளிப்பிள்ளைகள் எல்லோர் கையிலும் லேப்டாப். மொத்தப் பிள்ளைகளே சுமார் 500 பேர்தான், அதனால் முடிந்தது.

தபால் கப்பலை நம்பி வாழும் டிரிஸ்டன் டா குன்யா என்ற தீவுக்கு 2005-ல் பிரிட்டன் பின்கோடு கொடுத்தது. அதற்கு முன்னால் அங்கிருந்து ஆன்லைனில் ஆர்டர் போடுவது பெரும்பாடு. பெட்டியில் பின்கோடு நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாதே!

நெப்போலியனைச் சிறை வைத்த செயிண்ட் ஹெலினாவுக்கு வருவோம். தென் அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,900 கி.மீ. தொலைவில், சுமார் 4,500 பேர். 1899-லேயே அங்கே தந்திக் கம்பி வந்துவிட்டது, தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்தது, லண்டனுக்கு அவசரச் செய்தி போக வேண்டும், அதனால் வந்தது. பின்னர் ஃபைபர் யுகம் வந்தபோது தீவை எல்லோரும் மறந்தார்கள். ஒற்றைச் செயற்கைக்கோள் டிஷ்ஷை ஊரே பங்கு போட்டது. கட்டணம் கண்ணைக் கட்டும், அளவும் சொற்பம். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் பிரச்சாரம் நடந்தது.

கடைசியில் போர்ச்சுகலிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு கூகுள் போட்ட ‘ஈக்வியானோ’ கேபிளிலிருந்து ஒரு கிளை பிரித்துக் கொடுத்தார்கள். உதவிப் பணம் ஐரோப்பிய ஒன்றியத்துடையது. இத்தனைக்கும் பிரிட்டன் அந்த ஒன்றியத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரம்! 2021 ஆகஸ்டில் கேபிள் கரை ஏறியது. ஊரே கொண்டாடியது. வீடுகளுக்கு அந்த நெட் வந்தது எப்போது? 2023 அக்டோபரில். இடைப்பட்ட இரண்டு ஆண்டும் உலகின் அதிவேக கேபிள் ஒன்று கடற்கரையில் வேலையில்லாமல் படுத்திருந்தது. தீவுக்குள் இழை இழுக்க வேண்டும், சேவை கொடுக்க நிறுவனம் வேண்டும், உரிமம் வேண்டும். கடலைத் தாண்டியதைவிடக் கரையைத் தாண்டுவதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது.

சரி, கேபிளைச் சுறா கடிக்கும் என்கிறார்களே? கடித்ததுண்டு. ஆனால் உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 முறை கேபிள் பழுதாகிறது என்றால், அதில் பெரும்பங்கு மனிதன் இழுக்கும் மீன்வலையாலும் போடும் நங்கூரத்தாலும்தான். சுறா பாவம், பெயர்தான் கெட்டது. 2023 பிப்ரவரியில் தைவானின் மாட்சு தீவுகளுக்குப் போகும் இரண்டு கேபிள்களும் ஒரே வாரத்தில் கப்பல்களால் அறுந்தன. சுமார் 50 நாள் திண்டாட்டம்.

எரிமலையே அறுத்தால்? 2022 ஜனவரி 15. டோங்கா நாட்டில் கடலுக்கு அடியில் ஹுங்கா எரிமலை வெடித்தது. சத்தம் அலாஸ்கா வரை கேட்டது. உலகம் முழுக்கக் காற்றழுத்தமானிகள் அதிர்வைப் பதிந்தன. உலகமே அந்த நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அந்த நாட்டிலிருந்து மட்டும் ஒரு சொல் வரவில்லை! ஃபிஜியோடு டோங்காவை இணைத்த 827 கி.மீ. கேபிள், 2013-ல் போட்டது, நாட்டுக்கே ஒன்றுதான், அறுந்துபோயிருந்தது. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை அறிய நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் விமானம் அனுப்பி மேலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

டோங்காவுக்கு, வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணம்தான் நாட்டு உற்பத்தி மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நெட் போனதும் அந்தப் பணம் வரும் வழியும் அடைந்தது. பழுது பார்க்கும் கப்பல் பப்புவா நியூ கினியாவிலிருந்து வந்தது. வந்து பார்த்தால், ஓரிடத்தில் அறுந்து ஒட்டிவிட்டுப் போகிற கதையாக இல்லை. 80 கி.மீ.க்கும் மேல் கேபிள் துண்டு துண்டாகி மண்ணில் புதைந்து கிடந்தது. நாடு மறுபடி முழுதாகப் பேசியது பிப்ரவரி 22-ல். உள்நாட்டுத் தீவுகளுக்கான கேபிள் சரியாக ஒன்றரை ஆண்டு ஆனது.

இதே கேபிள் 2019-லும் அறுந்து, டோங்கா ஏறக்குறைய இரண்டு வாரம் தவித்திருக்கிறது. அப்போதே இரண்டாவது கேபிள் போட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு இன்னொரு கேபிள் போட யார் பணம் கொடுப்பார்கள்?

அதே 2022 ஜனவரியில், டோங்காவுக்கு எட்டு நாள் முன்னால், வட துருவத்துக்கு அருகே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளிலும் ஒரு கடலடி கேபிள் பழுதானது. அங்கே யாருடைய நெட்டும் போகவில்லை. 2004-லேயே அங்கே ஒன்றுக்கு இரண்டாகக் கேபிள் இருந்தது. துருவத்தைச் சுற்றும் செயற்கைக்கோள்களின் தகவலை இறக்கும் நிலையம் அங்கே இருக்கிறது. அந்தத் தகவல் தடைபடக் கூடாதென்று நாசாவும் அமெரிக்க வானிலை அமைப்பும் செலவில் பங்கேற்றன.

ஸ்வால்பார்டின் ஜனத்தொகை தெரியுமா? சுமார் 2,500.